கேளையாடு ஏழு பேரைச் சுமந்த கதை

முதுமலைப் பக்கம் காட்டோரத்தில் மாலை நேரத்தில் நாய் குரைப்பது போல ஒரு சத்தம் கேட்கும். ஊர்க்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் "கேளையாடு" என்பார்கள். பெயரில்தான் ஆடு, உண்மையில் அது ஒரு சிறிய மான். அதன் இனம் இந்தோனேசியக் காடுகளிலும் உண்டு. அங்கே அதற்குக் கிஜாங் என்று பெயர். நம் ஊர் டிராவல்ஸ் வாசல்களில் வெள்ளை வெள்ளையாக வரிசை கட்டி நிற்கும் இன்னோவாவின் குடும்பப் பெயரும் அதேதான். இந்தோனேசியாவில் அந்த வண்டியை இன்றைக்கும் 'கிஜாங் இன்னோவா' என்றே விற்கிறார்கள்.

செகண்ட் ஹேண்ட் இன்னோவா வாங்கலாமா, கடன் போட்டுப் புதுசே எடுத்துவிடலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இந்த மானின் கதையைத்தான் சொல்கிறேன். விலையும் மைலேஜும் பிறகு. இந்த வண்டி குடும்பத்துக்காகப் பிறந்ததில்லை. மூட்டை சுமக்கப் பிறந்தது. குடும்பம் அதில் பின்னால்தான் ஏறியது. பழைய இன்னோவாவின் நல்ல குணம், கெட்ட குணம் இரண்டுக்கும் காரணம் அந்தப் பிறப்புதான்.

1974 ஜனவரியில் ஜப்பான் பிரதமர் ககுவெய் தனாகா ஜகார்த்தாவுக்கு வந்தார். ஜப்பான் முதலீடும் ஜப்பான் சரக்கும் நாட்டை விழுங்குகின்றன என்ற கோபத்தோடு மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். போராட்டம் கலவரமாக மாறியது. கார்கள் எரிந்தன. டொயோட்டா-ஆஸ்ட்ரா நிறுவனத்தின் கட்டடத்துக்கும் தீ வைத்தார்கள். 'மலாரி' என்ற பெயரில் அந்த ஜனவரி 15ஐ இந்தோனேசியர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த நெருப்பையும் இந்த வண்டியையும் நேராக முடிச்சுப் போட நான் துணியமாட்டேன். ஆனால் வெளியூர்க் காரை இறக்கி விற்றுக்கொண்டே காலம் தள்ள முடியாது, அந்த மண்ணிலேயே செய்து அந்த மக்களின் வேலைக்கு உதவும் வண்டி வேண்டும் என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில் இந்தோனேசிய அரசிடமும் இருந்தது, டொயோட்டாவிடமும் இருந்தது. 1975இல் ஜகார்த்தா பொருட்காட்சியில் மாதிரி வண்டியை வைத்தார்கள். 1977இல் விற்பனை தொடங்கியது.

முதல் கிஜாங்கைப் படத்தில் பார்த்தால் சிரிப்பு வராது, மரியாதைதான் வரும். கொரோலா காரின் 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின், அதற்குப் பின்னால் ஒரு சுமைத் தொட்டி, அவ்வளவுதான். உடம்பில் வளைவு நெளிவே கிடையாது. வளைவு வேண்டுமென்றால் பெரிய பிரஸ்ஸும் விலையுயர்ந்த அச்சும் வேண்டும்; அவை அந்த ஊரில் இல்லை. அதனால் தட்டைத் தகட்டை மடித்து வெல்டு வைக்கும்படியே வண்டியை வரைந்தார்கள். கையில் என்ன கருவி இருக்கிறதோ அதற்கு ஏற்ற வண்டி. இதே எண்ணத்தில் ஓராண்டு முன்னதாகவே பிலிப்பைன்ஸில் ஒரு வண்டி இறங்கியிருந்தது. அதற்கு மிண்டோரோ தீவின் காட்டெருமையான தமராவின் பெயரை வைத்தார்கள். கிஜாங்கின் பானெட்டைத் தூக்கினால் பக்கவாட்டுத் தகடும் சேர்ந்து எழும், முதலை வாயைப் பிளப்பது போல. எனவே மக்கள் அதற்கு 'புவாயா' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். மானின் பெயரில் வந்த வண்டி முதலையாகிவிட்டது. கிஜாங் என்பது 'இந்தோனேசியா–ஜப்பான் கூட்டுழைப்பு' என்ற சொற்களின் சுருக்கம் என்றும் அங்கே சொல்வார்கள்.

இந்தச் சுமை வண்டியில் குடும்பம் ஏறியது எப்படி? கரூரைத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கம்பெனியிலிருந்து வெறும் சேஸி வரும். அதன் மேல் பஸ் பாடியைக் கரூர்ப் பட்டறைகள் கட்டும். இந்தோனேசியாவிலும் அப்படிப்பட்ட பட்டறைகள் உண்டு, 'கரோசெரி' என்பார்கள். அங்கே சொகுசுக் காருக்கு வரி அதிகம், வேலை வண்டிக்குக் குறைவு. எனவே ஜனங்கள் கிஜாங் பிக்கப்பை வாங்கினார்கள், கரோசெரியில் விட்டார்கள், பின்பக்கத்தை மூடிக் கூரை போட்டார்கள், இரண்டு வரிசை இருக்கை வைத்தார்கள், தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகளோடு ஊருக்குக் கிளம்பினார்கள். ரம்ஜான் பெருநாளுக்குச் சொந்த ஊர் திரும்புவதை அவர்கள் 'முடிக்' என்கிறார்கள். நம் தீபாவளி, பொங்கல் கூட்டத்தைப் போலப் பல மடங்கு. அந்தப் பயணத்தின் வண்டியாகவே கிஜாங் ஆனது. குடும்ப வண்டியை அங்கே முதலில் கட்டியது பட்டறைக்காரர்களின் கை. கம்பெனி அதைப் பார்த்துப் பின்னால் வந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம்.

1986இல் மூன்றாம் தலைமுறை. வெல்டும் மக்கும் வெளியே தெரிந்த காலம் போய், தகடு ஒழுங்காக அச்சில் வந்தது. இந்த மூன்றாம் தலைமுறையின் சதுர உடலைத்தான் முகத்தை மட்டும் மாற்றி 2000 ஜனவரியில் நமக்குக் குவாலிஸ் என்று கொடுத்தார்கள். பெங்களூரை அடுத்த பிடதியில் ஆலை திறந்த சூட்டோடு வந்த முதல் வண்டி அது. இந்தோனேசியாவில் 1997இலேயே அடுத்த தலைமுறை வந்துவிட்டது. நமக்கு வந்தது பழசு. அப்போது எழுதியவர்கள் பலர் இதைக் குறையாகச் சொன்னார்கள், சொன்னதும் நியாயம். ஆனால் டிரைவர்கள் வேறு தீர்ப்பு எழுதினார்கள். 2.4 லிட்டர் டீசல், டர்போ கிடையாது, 75 குதிரைத்திறன். வேகம் இல்லை, அழகும் இல்லை. ஆனால் காலையில் சாவி போட்டால் கிளம்பும். இரவு ஷிப்ட் முடித்த பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிட்டு, விடியற்காலையில் திருப்பதிக்கு ஆள் ஏற்றும். அந்த நம்பிக்கைதான் பிற்பாடு வந்த இன்னோவாவுக்கு இந்த மண்ணில் கிடைத்த சீதனம்.

நன்றாக விற்றுக்கொண்டிருந்த குவாலிஸை நிறுத்திவிட்டு 2005 பிப்ரவரியில் இன்னோவாவை இறக்கினார்கள். பிக்கப், எஸ்யூவி, குடும்ப வண்டி என ஐந்து உருவங்களை ஒரே அடித்தளத்தில் வார்க்கும் பெரிய திட்டத்தில் வந்த வண்டி அது. ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், இன்னோவா மூன்றும் அந்தத் திட்டத்தில் பிறந்த உடன்பிறப்புகள். குவாலிஸின் நெட்டுக்குத்தான முகம் போய் வழவழப்பான ஒற்றை உருவம் வந்தது, பின் வரிசைக்கும் கூரையிலிருந்து ஏசி காற்று வந்தது, 2.5 லிட்டர் டர்போ டீசல் 102 குதிரைத்திறன் கொடுத்தது. மேல்தோல் முழுக்கக் கார். அடியில் மட்டும் ஏணியைப் படுக்கப் போட்டது போன்ற அதே இரும்புச் சேஸி, பின்சக்கர ஓட்டம். மூட்டை சுமந்த எலும்பு மாறவில்லை. மேடு பள்ளத்தில் பத்து வருடம் ஓடியும் கட்டுக் குலையாமல் நிற்பது அந்தச் சேஸியால். ஆள் இல்லாமல் ஒற்றை டிரைவரோடு போகும்போது பின்பக்கம் துள்ளுவதும், தரை உயரமாக இருந்து முட்டி வலிக்காரர்கள் ஏறத் திணறுவதும் அதே சேஸியால்தான். என் அம்மா ஒவ்வொரு முறையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறுவார். இறங்கும்போது யாராவது கை கொடுக்க வேண்டும்.

2016 மே மாதம் இன்னோவா கிரிஸ்டா வந்தது. வந்த நேரம் சரியில்லை. 2,000 சிசிக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளைத் தில்லி வட்டாரத்தில் பதியக்கூடாது என்று 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. கிரிஸ்டாவின் டீசல்கள் 2.4, 2.8 லிட்டர். ஆகஸ்டில் ஒரு சதவீதச் சுற்றுச்சூழல் வரியோடு தடை நீங்கியது; அதே மாதம் கம்பெனி 2.7 லிட்டர் பெட்ரோலையும் இறக்கியது. வண்டியைப் பொறுத்தவரை கிரிஸ்டா பெரிய தாவல். 150 குதிரைத்திறன், அமைதியான உள்பக்கம், பழைய டீசலின் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். சேஸி? அது அதே ஏணிதான், இன்னும் கெட்டியாக.

அந்த ஏணியை எடுத்துப் போட்டது 2022 நவம்பரில் காட்டப்பட்ட இன்னோவா ஹைக்ராஸ். சேஸியும் பாடியும் ஒன்றேயான உடல், முன்சக்கர ஓட்டம், டீசலே கிடையாது. இரண்டு லிட்டர் பெட்ரோலோடு மின்மோட்டார் சேர்ந்த ஹைப்ரிட் ரகத்துக்குச் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர். நகர நெரிசலில் பாதி நேரம் என்ஜின் அணைந்தே கிடக்கும். பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு இல்லாததால் தரை தட்டையாக, தாழ்வாக இருக்கிறது. அம்மாவைப் போன்றவர்கள் யார் கையும் பிடிக்காமல் ஏறலாம். கடைசி வரிசை பக்கவாட்டில் தொங்காமல் தரைக்குள் மடங்குகிறது. முதலை வாயோடு பிறந்த வண்டி நாற்பத்தைந்து வருடம் கழித்துத்தான் முழுக்கக் குடும்ப வண்டியானது என்பேன். ஆனாலும் பழைய எலும்பைக் கேட்டவர்கள் விடவில்லை. 2023இல் கிரிஸ்டா டீசல், மேனுவல் கியரோடு மட்டும் மீண்டும் விற்பனைக்கு வந்தது. இப்போது இரண்டும் ஒரே ஷோரூமில் நிற்கின்றன.

எதை எடுப்பது? குவாலிஸை ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம்; ஏர்பேக் இல்லாத அந்த வண்டியில் குழந்தைகளை நெடுஞ்சாலைக்குக் கூட்டிப் போகச் சொல்லமாட்டேன். 2005 இன்னோவாவின் ஆரம்ப ரகங்களிலும் ஏர்பேக் கிடையாது. விலை மலிவென்று அதில் கை வைக்காதீர்கள்.

பழைய இன்னோவாவில் நிஜமாகப் பார்க்க வேண்டியது என்ஜினை அல்ல, அதன் வாழ்க்கையை. ஆர்.சி.யை வாங்கி, வண்டி முன்பு டி-போர்டாக ஓடி ஓன் போர்டுக்கு மாறியதா என்று பாருங்கள். மாறியிருந்தால் மீட்டரில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். எண்பதாயிரம் கிலோமீட்டர் காட்டும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழுக்கையாகி, ஸ்டியரிங் பளபளத்து, டிரைவர் சீட்டின் வலது ஓரம் அமுங்கிப் போயிருந்தால் அந்த எண் பொய். கம்பெனி சர்வீஸ் வரலாற்றைப் பதிவெண்ணை வைத்துக் கேட்டு வாங்குங்கள். மீட்டரைத் திருப்பியவர் அதைத் திருப்பியிருக்க மாட்டார். 2.5 டீசலில் டைமிங் பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். லிஃப்டில் ஏற்றிச் சேஸியின் பின்பாதியைப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டியில் துரு அங்கேதான் உட்காரும். புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட டீசல் வண்டிக்குத் தில்லியில் நெருக்கடி என்பதால் அங்கிருந்து மலிவாகத் தெற்கே வண்டிகள் வருகின்றன. என்.ஓ.சி., இங்கே கட்ட வேண்டிய சாலை வரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மலிவு பல நேரம் கரைந்துவிடும்.

மாதம் மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கும், மலையடிவார ரோட்டில் சாமான் ஏற்றுபவருக்கும், 2016க்குப் பிறகு வந்த ஓன் போர்டு கிரிஸ்டா டீசல்தான் என் தேர்வு. வீட்டில் வயதானவர்கள் இருந்து, ஓட்டம் பெரும்பாலும் நகரத்துக்குள் என்றால் ஹைக்ராஸ் ஹைப்ரிட். அதைச் செகண்ட் ஹேண்டில் எடுத்தாலும் பயப்பட வேண்டாம். அதன் பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி உண்டு. எவ்வளவு மிச்சம் என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஓட்டிப் பார்க்கப் போகும்போது எல்லோரும் முன் சீட்டில் உட்கார்ந்துவிடுகிறோம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வீட்டில் உயரமானவரையும் வயதானவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார வையுங்கள். ஏசியைப் போட்டு, வேகத்தடைகள் நிறைந்த ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். இறங்கியதும் முதலில் அவர்களிடம் கேளுங்கள்.