ஹலோவீன் பையில் வீட்டு இனிப்பு ஏன் இல்லை?

ஒக்ரோபர் 31 இரவு நீங்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்த்ததை மேசையில் கொட்டிப் பாருங்கள். எல்லாமே தொழிற்சாலைப் பைக்கற்றுகள். யாரோ ஓர் அன்ரி தன் அடுப்பில் பாகு காய்ச்சி அச்சில் வார்த்த இனிப்பு ஒன்றுகூட இருக்காது. 1950களில் வட அமெரிக்கப் பிள்ளைகளின் பைகளில் வீட்டில் செய்த குக்கீயும் பொப்கோர்ன் உருண்டையும் தாராளமாக இருந்தன. பிறகு என்ன நடந்தது?

முதலில் அச்சைப் பற்றிச் சொல்கிறேன். இனிப்பை அச்சில் வார்ப்பது எங்களுக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் பதநீரைக் காய்ச்சி, பாகு இறுகும் பதத்தில் பனையோலையால் இழைத்த சின்னக் குட்டான்களில் ஊற்றுவார்கள். ஆறினால் பனங்கட்டி. அங்கே ஓலைக் குட்டான்தான் அச்சு. கர்நாடகத்தில் சங்கராந்திக்கு, தண்ணீரில் ஊறவைத்த மர அச்சுகளில் சீனிப் பாகை ஊற்றிக் கிளி, யானை என்று எடுப்பார்கள். அதன் பெயரே 'சக்கரே அச்சு'.

கியூபெக்கிலும் இதே கதைதான். மேப்பிள் மரத்துச் சாற்றின் பயனைப் பிரெஞ்சுக் குடியேறிகள் பூர்வகுடி மக்களிடம் அறிந்துகொண்டார்கள். பிறகு இதயம், வீடு, மிருகம் என்று மரத்தில் அச்சுச் செதுக்கி, மேப்பிள் சர்க்கரையை அதில் வார்த்தார்கள்.

எங்கள் மொன்ட்ரியால்-நோரில் இத்தாலியக் குடும்பங்கள் பல காலமாக இருக்கின்றன. இத்தாலியின் சிசிலித் தீவில் நவம்பர் 2 இறந்தோர் நாள். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு அச்சில் வார்த்து வர்ணம் தீட்டிய சீனிப் பொம்மைகளைக் கொடுப்பார்கள். அவற்றை இறந்துபோன தாத்தா பாட்டிமார் இரவில் கொண்டுவந்து வைத்ததாகச் சொல்வார்கள். ஹலோவீனுக்கு இதைவிட நெருங்கிய உறவு எந்த இனிப்புக்கு இருக்கிறது?

நான் பொறியியல் படித்தவன், அதனால் ஒரு சின்ன விளக்கம். பனங்கட்டிப் பாகைத் துழாவ வேண்டும். அப்போதுதான் நுண்ணிய படிகங்கள் உண்டாகி அது கட்டியாகும். ஹலோவீனுக்குச் செய்யும் கண்ணாடி ரொபிக்குத் துழாவக் கூடாது. சீனியும் தண்ணீரும் கொஞ்சம் குளுக்கோஸ் பாகும் சேர்த்து ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வரை காய்ச்சினால் தண்ணீர் அநேகமாக முழுவதும் போய்விடும். அச்சில் ஆறும்போது படிகம் உண்டாகாமல் இறுகிவிடும். இயற்பியலில் அதையும் கண்ணாடி என்றே வகைப்படுத்துகிறார்கள். அந்தச் சூட்டில் ஒரு துளி பட்டாலும் தோல் வெந்துவிடும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள்.

இனிப் பயத்தின் கதை. அப்பிளுக்குள் சவர அலகு, மிட்டாயில் நஞ்சு என்ற பேச்சு 1960களிலும் 70களிலும் பரவியது. 1974இல் ரெக்சஸ் மாநிலத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் ஹலோவீன் இனிப்பிலிருந்த சயனைட்டால் இறந்தான். அதைக் கலந்தது அவனுடைய சொந்தத் தகப்பன், காப்புறுதிப் பணத்துக்காக. 1982இல் சிக்காகோவில் ரைலனோல் மாத்திரையில் யாரோ சயனைட் கலந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். ஹலோவீனுக்குச் சில வாரங்களே இருந்தன. ஊரெல்லாம் பயம்.

ஜோயல் பெஸ்ட், ஜெரால்ட் ஹொரியுச்சி என்ற சமூகவியலாளர்கள் 1958 முதல் 1983 வரையான பத்திரிகைகளைத் தேடி 76 சம்பவங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். அவர்களின் கட்டுரை 1985இல் வந்தது. பெரும்பாலானவை புரளி. முகம் தெரியாதவர் கொடுத்த ஹலோவீன் இனிப்பால் இறந்த, அல்லது கடுமையாகக் காயப்பட்ட ஒரு பிள்ளையைக்கூட அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அதற்குள் வீட்டு இனிப்பு பையிலிருந்து போய்விட்டது.

இது எங்களுக்கு ஏன் முக்கியம்? 'தெரியாதவர்' என்ற பயம் வந்தால், அது புதிதாக வந்த குடும்பங்கள் மேல்தான் முதலில் விழும். என் அம்மா செய்யும் பால் ரொபிக்கு எங்கள் சொந்தக்காரர் சண்டை பிடிப்பார்கள். ஆனால் ஹலோவீனுக்கு வாசலில் வந்து நின்ற ஹெயிட்டிப் பிள்ளைகளுக்கும் இத்தாலியப் பிள்ளைகளுக்கும் அவர் சிப்ஸ் பைக்கற்றுத்தான் கொடுப்பார். "நாங்கள் செய்ததைக் குப்பையில் போடுவார்கள், ஏன் மினக்கெடுவான்" என்பார்.

பெற்றோர் பார்த்துக் கொடுப்பதில் ஒரு நியாயமும் உண்டு. நிலக்கடலை, பால், எள்ளு ஒவ்வாத பிள்ளைகள் இருக்கிறார்கள். கனடாவில் பைக்கற்று உணவில் இவற்றைக் குறிப்பிட்டாக வேண்டும். வீட்டு இனிப்பில் அந்தச் சீட்டு இல்லை.

அதனால் நான் இப்போது இரண்டு தட்டு வைக்கிறேன். தெரியாத பிள்ளைகளுக்குக் கடைப் பைக்கற்று. எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளுக்குப் பூசணி அச்சிலும் வௌவால் அச்சிலும் வார்த்த ரொபி. ஒவ்வொன்றிலும் என்னென்ன சேர்த்தேன் என்று பிரெஞ்சில் எழுதி, என் வீட்டு இலக்கத்தையும் போடுவேன். பெற்றோரிடம் முதலே கேட்டுவிடுவேன்.

நீங்களும் செய்யலாம். ஆனால் அச்சு வாங்க முன்னர், உங்கள் மாடியில் இருக்கும் ஒரு குடும்பத்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுப்பைப் பிறகு மூட்டலாம்.