உருவாரம்

நோய் தீர்ந்தவன் தன் நன்றியை எவ்விடத்தில், எவ்விதமாக, யார் முன்னிலையில் செலுத்துவது என்ற கேள்விக்குப் புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை வட்டாரத்துக் கிராமங்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுவைத்த விடை, ஐயனார் கோயிலுக்குப் போகும் பாதையின் இருமருங்கிலும் இன்றும் வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டிருக்கிறது. மண் குதிரைகளும் யானைகளுமே முதலில் கண்ணில் படும். சற்றுக் குனிந்து பார்ப்பவர்களுக்கு, அவற்றின் காலடியில் சுட்ட மண்ணாலான குழந்தையும், பசுவும், சில கோயில்களில் ஒற்றைக் காலும் கையும்கூடத் தென்படும். பிழைத்த குழந்தைக்கும், ஈன்று எழுந்த பசுவுக்கும், வலி நீங்கிய காலுக்கும் ஈடாக எடுத்துவைத்த உருவாரங்கள் அவை.

உருவாரம் செய்யும் உரிமை மண்பாண்டம் வனையும் வேளார்களுடையது. அவர்களில் பலர் அக்கோயில்களின் பூசாரிகளாகவும் இருந்து வருகிறார்கள். புரவி எடுப்பு, அதாவது மண் குதிரை செலுத்தும் விழா, நடத்துவதென்று ஊர் கூடித் தீர்மானித்ததும், ஊர்ப் பெரியவர் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளார் கையில் கொடுப்பார். 'பிடிமண் கொடுத்தல்' எனப்படும் இந்தச் சடங்குக்குப் பிறகே வேலை தொடங்கும். கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்து, குதிரையின் நான்கு கால்களையும் முதலில் குழாய்களாக எழுப்பி, அவை ஈரம் வற்றி இறுகிய பின்னரே வயிற்றையும் கழுத்தையும் ஏற்றி, வைக்கோலும் வறட்டியும் அடுக்கிச் சுட்டு, வர்ணம் பூசி, விழாவன்று கண் திறந்து, மேளதாளத்துடன் ஊரார் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுசேர்ப்பார்கள். அதன்பின் அதைப் பழுதுபார்க்கும் வழக்கமில்லை. உடைந்தது உடைந்தபடி கிடக்க, அடுத்த விழாவுக்குப் புதியது வரும்.

மண்ணில் செய்ததை வெள்ளித் தகட்டில் செய்யும் வழக்கம் பெரிய ஸ்தலங்களில் வேரூன்றியது. சமயபுரத்திலும் வைத்தீஸ்வரன்கோயிலிலும் கண்ணும் கையும் காலும் பொறித்த சிறு தகடுகள் சந்நிதிக் கடைகளில் விற்கின்றன. வேளாங்கண்ணியில் பக்தர்கள் செலுத்திய காணிக்கைகளுக்கென்றே தனியாக ஒரு காட்சிசாலை இருக்கிறது. இதைத் தமிழகத்தின் தனிச்சொத்தாக நினைக்க வேண்டாம். கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரில், வைத்திய தேவதையான அஸ்கிலேப்பியஸின் ஆலயத்தைத் தோண்டியபோது, கி.மு. 4-ஆம் நூற்றாண்டை ஒட்டிய மண் கைகளும் கால்களும் காதுகளும் குவியலாகக் கிடைத்தன. வெகுதூரம் பிரிந்து வாழ்ந்த இரு ஜனசமூகங்கள் ஒரே காரியத்தைச் செய்திருப்பதற்கு மனித சரீரத்தின் அனுபவமே காரணமாக இருக்க வேண்டும்.

கண்மலர் எனப்படும் சமயபுரத்து வெள்ளிக் கண் தகட்டுக்குப் பின்னால் பெரியம்மையின் கொடிய சரித்திரம் இருக்கிறது. அந்த நோய் உயிரை விட்டாலும் சிலரது பார்வையைப் பறித்துவிடும். அம்மை இறங்கி, வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரை மும்முறை தலைக்கு ஊற்றிய பிறகு கண் பிழைத்திருப்பதைக் கண்ட தாய், மாவிளக்கோடும் கண்மலரோடும் மாரியம்மன் சந்நிதிக்கு நடந்ததில் ஆச்சரியமில்லை. அம்மைப்பால் 1802-இல் இந்தியாவுக்கு வந்தது. நோய் முற்றிலும் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது. நோய் போன பின்னும் கண்மலர் நின்றுவிடவில்லை.

நன்றியுணர்வால் தேகத்துக்கு நன்மை உண்டா என்பதை மனோதத்துவ சாஸ்திரிகள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பத்து வாரங்கள் வாரந்தோறும் நன்றிக்குரியவற்றை எழுதிவந்த மாணவர்கள், தங்கள் தொல்லைகளை எழுதிவந்தவர்களைவிட உடல் உபாதைகள் குறைந்திருப்பதாகக் கூறினார்கள். தேகப்பயிற்சியிலும் அதிக நேரம் ஈடுபட்டார்கள். நரம்பும் தசையும் நலிந்த நோயாளிகள் தினமும் எழுதிவந்தபோது அவர்களுடைய உறக்கம் மேம்பட்டது. மாணவர்களைத் தினந்தோறும் எழுதச் செய்த மற்றொரு சோதனையிலோ, உடல் உபாதைகளில் அத்தகைய வித்தியாசம் தென்படவில்லை. ஆகவே நன்றியை மருந்தின் ஸ்தானத்தில் வைப்பது தவறு. காய்ச்சலுக்கு வைத்தியரிடம்தான் போக வேண்டும். ஆனால் வியாதி நீங்கிய பிறகும் பயம் நீங்காமல், கட்டிலை விட்டு எழத் தயங்குகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்டவனைக் கோயில்வரை நடக்க வைத்து, குணமான உறுப்பின் உருவத்தை அவன் கையிலேயே கொடுத்து, இந்த நோய் முடிந்துவிட்டது என்று ஊரறியச் சொல்ல வைத்தார்கள் நம் முன்னோர்கள். தனியறையில் உட்கார்ந்து எழுதும் நாட்குறிப்பைவிட இது உயர்ந்த ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன்.

இப்போது பல ஊர்களில் மண் குதிரை நின்ற இடத்தில் சிமெண்டுக் குதிரை எழுந்துவருகிறது. அது பல காலம் உடையாமல் நிற்கும் என்பதாலேயே, வேளாருக்கு அடுத்த ஆண்டு வேலை இல்லாமல் போகிறது. வேண்டுதல் பலித்து உருவாரம் எடுக்க நினைப்பவர்கள், உங்கள் ஊர்ப்பக்கத்து வேளாரைத் தேடிப்போய் அவர் கையில் பிடிமண் கொடுங்கள்.