மலைக்கு வந்த துவிச்சக்கரவண்டி

ஒரு நாட்டின் சரித்திரத்தைக் கூறுவோர் அரசர்களையும் போர்களையும் முதலிற் கூறுவது வழக்கம். மக்கள் எவ்வழியில் நடந்தார்கள், எவ்வண்டியில் ஏறினார்கள் என்பதும் சரித்திரமே. ஊவா மாகாணத்திலே, பதுளை நகருக்குத் தென்கிழக்கே, 2,036 மீற்றர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது நமுனுகுல மலை. ஒன்பது முடிகளையுடைய மலை என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். அதன் சரிவுகளில் தேயிலை வளர்க்கும் மக்களிடத்தே துவிச்சக்கரவண்டி நெடுங்காலம் அரிய பொருளாகவே இருந்துவந்தது. யாழ்ப்பாணத்துச் சமவெளியில் ஆசிரியரும் விவசாயியும் மாணவரும் நாள்தோறும் ஏறிச் சென்ற வண்டி, மலைநாட்டில் ஏன் அவ்வாறு பரவவில்லை? இக்கேள்விக்கு விடை காண்பவர், மலைக்கேற்ற வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் உடன் அறிந்துகொள்வர்.

துவிச்சக்கரவண்டியின் மூதாதை 1817ஆம் ஆண்டில் ஜெர்மானிய நாட்டிற் பிறந்தது. கார்ல் வொன் டிரைஸ் என்பார் அவ்வாண்டு ஜூன் மாதம் 12ஆம் நாள் மன்ஹைம் நகரிலே, மரத்தாற் செய்த இருசில்லுப் பொறியொன்றில் அமர்ந்து, நிலத்தைக் காலால் உந்தி அதனை ஓட்டிக் காட்டினார். அதே ஆண்டில் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் ஆங்கில ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி மூண்டது. 1818இல் அது கொடிய முறையில் அடக்கப்பட்டது. பின்வந்த காலத்தில் மலைக்காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரே காட்டையும் வெட்டினர்; மலையைச் சுற்றிச் செல்லும் வழிகளையும் வெட்டினர்.

இதற்கிடையில் டிரைஸின் பொறி படிப்படியாக வளர்ந்தது. 1860களில் பாரிஸ் நகரில் அதற்கு மிதிகள் அமைந்தன. 1885இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி, ஏறத்தாழச் சம அளவான இரு சில்லுகளும் பின்சில்லை இயக்கும் சங்கிலியும் கொண்ட வண்டியை உருவாக்கினார். 1888இல் பெல்பாஸ்ட் நகரின் மிருக வைத்தியர் டன்லொப், காற்றடைத்த இறப்பர் டயரைத் தந்தார். இலங்கையின் ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் 1876இலேயே இறப்பர்க் கன்றுகள் நடப்பட்டிருந்தன. ஆக, வண்டிக்கு வேண்டிய இறப்பர் இத்தீவில் வேரூன்றியது. வண்டியோ மலைக்கு வரத் தயங்கியது.

அத்தயக்கத்தின் காரணத்தை எளிய கணக்கொன்று விளக்கும். பழைய வண்டியில் முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் இருந்தனவென்று கொள்வோம். மிதியை ஒருமுறை சுழற்றினால் பின்சில்லு ஏறத்தாழ இரண்டரை முறை சுழலும். சமநிலத்தில் இது விரைவைத் தரும். செங்குத்தான தோட்டப் பாதையிலோ, ஒவ்வொரு மிதிப்பும் ஏறுபவரின் வலிமையை மீறும் சுமையாகிவிடும். இறக்கத்தில் ஆபத்து இன்னும் பெரிது. இரும்புக் கம்பிகளால் இயங்கி, சில்லின் விளிம்பை அழுத்தும் பழைய பிரேக்கு, மழைநீர் பட்டதும் பிடிப்பை இழந்துவிடும். ஏறவும் இயலாது, இறங்கவும் அஞ்ச வேண்டும் என்ற வண்டியை வாங்க யார்தான் துணிவர்?

மலைமக்களின் போக்குவரத்துக்குத் தடையாக இருந்தது ஏற்றம் மட்டுமன்று. ‘துண்டு’ எனப்பட்ட கடன்சீட்டு முறையினால், தொழிலாளி தம் கடன் தீராமல் ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாதிருந்தது. அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் கட்டப்பட்டதும் அவ்வாண்டிலேயே. 1894இல் பண்டாரவளையை அடைந்த இருப்புப்பாதை, 1924இல் பதுளையை எட்டியது. தேயிலைப் பெட்டிகள் புகைவண்டியில் ஏறித் துறைமுகம் சென்றன. கொழுந்து பறித்தவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் லயங்களிலிருந்து கால்நடையாகவே சென்றனர்.

மலையேற்றத்துக்குரிய விடையைப் பிரெஞ்சு நாட்டு மலைப்புறங்களில் தேடியவர்களுள் முதன்மையானவர் போல் டி விவி. ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதிய அவர், ஒரே வண்டியில் பல கியர்கள் வேண்டுமென இடைவிடாது வாதிட்டார். கியர் மாற்றுதல் வலிமையற்றோரின் வழி என்று எண்ணியோர் அதனை எதிர்த்தனர். பிரான்சைச் சுற்றிவரும் புகழ்பெற்ற பந்தயத்தில், சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி 1937இலேதான் அனுமதிக்கப்பட்டது.

மலைப்பாதைக்கென்றே தனிவண்டி பிறந்தது அமெரிக்காவின் கலிபோர்னியாவில். மரின் மாவட்டத்து இளைஞர் சிலர், 1930களைச் சேர்ந்த பருத்த டயர் வண்டிகளைத் தேடியெடுத்து மண்பாதைகளில் இறங்கி ஓடினர். 1976இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீற்றர்த் தூரத்தில் 400 மீற்றர் இறக்கம். பின்சில்லின் பிரேக்கு சூடேறி உள்ளிருந்த கிறீஸ் புகைந்துவிடும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் புதிய கிறீஸ் நிரப்பவேண்டும். அதுவே பெயர்க்காரணம். 1977இல் ஜோ பிறீஸ் இத்தகைய பாதைக்கென்றே புதிய சட்டகம் செய்தார். 1981இல் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ என்னும் வண்டி பெருந்தொகையாக விற்பனைக்கு வந்தது. காட்டுவழியில் ஏறியும் இறங்கியும் நெடுந்தூரம் ஓடும் பந்தயம் 1996இல் அத்லாந்தா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

இவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. முன்னேற்றம் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சரிவில் ஒருவர் பட்ட இடரிலிருந்தே பிறந்தது. ஆகவே நமுனுகுலச் சரிவுக்கு வண்டி தேடுபவர், கடையில் மின்னும் வண்ணத்தைப் பார்க்குமுன் தம் பாதையைப் பார்த்தல் வேண்டும். முதலாவது, சட்டகம் உடலுக்குப் பொருந்தவேண்டும். இருக்கையில் அமர்ந்து, கீழ்நிலையிலுள்ள மிதியில் குதிக்காலை வைத்தால், கால் மடங்காமல் நீளவேண்டும்; இருக்கையின் உயரத்துக்கு அதுவே எளிய அளவு. பொருந்தாத சட்டகத்தைப் பின்னர் எச்செலவாலும் திருத்த முடியாது.

இரண்டாவது பிரேக்கு. ஊவாவில் ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை மழை மிகும். அம்மழை மண்ணையே சரிக்க வல்லது என்பதை, 2014 ஒக்ரோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நிகழ்ந்த பேரிடர் காட்டியது. ஈரத்திலும் பிடிக்கும் வட்டத்தகட்டுப் பிரேக்கே இங்கு ஏற்றது. மூன்றாவது டயர். இரண்டேகால் அங்குலம் அளவு அகன்று, புடைத்த பற்களுடைய டயர், கல்லிலும் சேற்றிலும் வழுக்காது. காற்றைக் கல்லாய் இறுக அடைத்தல் தவறு. சற்றுத் தளர்ந்த டயர் நிலத்தைப் பற்றும். நான்காவது கியர். முன்னே 32 பற்களும், பின்னே மிகப் பெரிய பற்சில்லில் 51 பற்களும் உள்ள வண்டியில், மிதி ஒருமுறை சுழலும்போது பின்சில்லு முக்காற் சுற்றும் செல்லாது. பழைய வண்டியின் சுமை இங்கே நான்கில் ஒன்றாகிவிடுகிறது.

முன்சில்லின் அதிர்வைத் தாங்கும் கவை இறுதியிற் கருதத்தக்கது. நல்ல கவை விலை மிக்கது. மலிந்த கவையோ எடையைக் கூட்டி, அதிர்வைக் குறைக்காது விடும். பொருள் குறைந்தோர் உறுதியான சாதாரணக் கவையோடு தொடங்குதல் நலம். பழைய வண்டி வாங்குபவர், சட்டகத்தின் பொருத்துகளில் வெடிப்பு உண்டா, சில்லுகள் ஆட்டமின்றிச் சுழல்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். பின்னர்ப் பணம் சேரும்போது டயர், பிரேக்கு, கியர் என்ற முறையிலே ஒவ்வொன்றாக மேம்படுத்தலாம்.

2022இல் எரிபொருள் கிடையாமல் நாடு தவித்தபோது, சமவெளி மக்கள் மீண்டும் துவிச்சக்கரவண்டியை நாடினர். பஸ் நின்ற மலைப்பாதையில் நடையே மிஞ்சியது. இன்று ஹந்தானையிலிருந்து ஊவாவழியே நுவரெலியா வரை, பழைய தோட்டப் பாதைகளை இணைத்து 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ‘பெக்கோ’ நடைவழி அமைந்துள்ளது. தூர தேசத்தார் மகிழ்ந்து செல்லும் அப்பாதைகள், இத்தோட்ட மக்களின் முன்னோர் வெட்டியவை. மலைவண்டியின் விலை இன்றும் பல மாதக் கூலிக்கு மேல். அவ்விலை எளியோர் கைக்கெட்டி, அப்பாதையில் நமுனுகுலப் பிள்ளையொன்று அச்சமின்றிப் பள்ளிக்கு ஏறிச் செல்லும் நாளிலேயே, 1817இல் தொடங்கிய இப்பொறி மலைநாட்டுக்கு முழுமையாக வந்து சேர்ந்ததாகும்.