சிப்புக்குள் கோடு ஏறிய கதை

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை சிவகாசியில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொழிலிலும் அதையொட்டி வளர்ந்த பட்டாசுத் தொழிலிலும் புரண்ட பணம் பின்னால் இன்ஜினியரிங் காலேஜாகவும் முளைத்தது. பட்டாசுக்கு வெள்ளை ஒளி தருவது அலுமினியத் தூள். அதைத் தயாரித்த திருமங்கலம் மெட்டல் பவுடர் கம்பெனி, ஜெர்மனியின் ஷ்லெங்க் நிறுவனம் ஆகிய இரண்டின் பெயரையும் தாங்கி, 1984-ல் மெப்கோ ஷ்லெங்க் கல்லூரி வந்தது. அதே ஆண்டு கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் கல்லூரி.

இந்த வட்டாரத்தில் லேப் இன்ஸ்ட்ரக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அன்றைக்கு எங்களிடம் இருந்தது 8085 மைக்ரோபிராசசர் கிட். 3இ, 06 என்று ஹெக்ஸ் எண்களைக் கீபேடில் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். பாதியில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. பையன்கள் மின்வாரியத்தை வாய்விட்டே திட்டுவார்கள். புரோகிராம் நிலைக்க வேண்டுமானால் பர்னர் பெட்டி கொண்டு ஈபிராம் சிப்பில் பர்ன் பண்ண வேண்டும். அதன் தலையில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அழிக்க, புற ஊதா விளக்குப் பெட்டியில் கால் மணி நேரம், இருபது நிமிஷம் வைப்போம். எழுதியதும் ஜன்னல்மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவோம். நேர் வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் எழுதியது அழிந்துவிடும் என்பது டேட்டா ஷீட் கணக்கு. தீப்பெட்டித் தொழில் இங்கே தழைக்கக் காரணமே காய்ந்த வெயில்தான். அந்த வெயிலிடமிருந்து சிப்பைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

அடுத்து பிளாஷ் நினைவகத்தோடு 8051 வகைகள் வந்தன. பெரும்பாலும் அவற்றுக்கும் தனியாக ஒரு புரோகிராமர் தேவைப்பட்டது.

கேம்பிரிட்ஜின் ஏகார்ன் கம்பெனியில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சிப் 1985 ஏப்ரலில் இயங்கியது. எங்கள் மேஜைக்கு ஆர்ம் வந்தது எல்பிசி2148 போர்டாக: ஆர்ம்7 கோர், 512 கிலோபைட் பிளாஷ். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 பாடத்திட்டத்தில் இசிஇ ஏழாவது செமஸ்டருக்கு எம்பெடட் லேப் இருந்தது.

புரோகிராமை சிப்புக்குள் ‘டம்ப்’ பண்ணும் முறை இதுதான். கெய்ல் மென்பொருளில் எழுதி ஹெக்ஸ் பைல் எடுக்க வேண்டும். போர்டிலுள்ள சுவிட்சை ஐஎஸ்பி பக்கம் தள்ளி ரீசெட் அழுத்த வேண்டும். அந்த நேரம் பி0.14 முள் தாழ்நிலையில் இருப்பதைப் பார்த்ததும், சிப்புக்குள் தயாரிப்பாளரே வைத்த பூட்லோடர் விழித்துக்கொள்ளும். கணினியிலுள்ள பிளாஷ் மேஜிக் மென்பொருள் சீரியல் கேபிள் வழியே அதனிடம் பேசி, ஹெக்ஸ் பைலை ஏற்றும். பிறகு சுவிட்சை ரன் பக்கம் தள்ளி மறுபடி ரீசெட், எல்இடி மின்னும். ‘சார், டம்ப் ஆயிருச்சு, ஓடல’ என்று யாராவது கத்தினால், முதலில் அந்த சுவிட்சைத்தான் பார்ப்பேன்.

பூட்லோடர் இன்னொரு வேலையும் செய்யும். புரோகிராமின் தொடக்கத்திலுள்ள எட்டு வெக்டர்களைக் கூட்டிப் பார்க்கும். விடை சுழியம் வராவிட்டால், உள்ளே உருப்படியான கோடு இல்லை என்று முடிவுகட்டி அங்கேயே நின்றுவிடும். சுழியம் வரும்படி ஓர் எண்ணை நிரப்புவதை பிளாஷ் மேஜிக் சத்தமில்லாமல் செய்துவிடுவதால், பலருக்கு இந்தச் சங்கதியே தெரியாது.

என்னைக் கேட்டால், ஆர்ம் போர்டுகள் கொண்டுவந்த பெரிய மாற்றம் வேகம் அல்ல. பர்னர் பெட்டியின் வேலை சிப்புக்குள்ளேயே போனதுதான். 2007-ல் வந்த எஸ்டிஎம்32 ஆர்ம் சிப்பில் பி0.14-க்குப் பதில் பூட்0 முள். 2021-ல் 4 டாலருக்கு வந்த ராஸ்பெரி பை பிகோவில் பூட்செல் பட்டனை அழுத்தியபடி யுஎஸ்பியில் செருகினால் பென் டிரைவ் போலத் தெரியும். பைலை இழுத்துப் போட்டால் முடிந்தது. வசதிதான். ஆனால் உள்ளே ஒரு லோடர் இருப்பதே பையனுக்குத் தெரியாமல் போகிறது.

எல்பிசி2148 போர்டுகளைப் பல லேப்களில் இப்போது கழித்துக்கட்டுகிறார்கள். லேப் பொறுப்பில் இருப்பவர்களே, ஒன்றிரண்டையாவது காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருங்கள். முதல் டம்ப் அந்த சுவிட்சைத் தள்ளி நடக்கட்டும்; பிகோவை அடுத்த வாரம் கொடுக்கலாம்.