ஆவடி மாநாடும் அண்ணனின் மனையும்

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது எனக்கு நான்கு வயது. நாங்கள் அப்போது புதுச்சேரியில் இருந்தோம். பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியைக் கைமாற்றிக் கொடுத்து இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. ஆவடி என்ற ஊர்ப் பெயரை நான் முதலில் கேட்டது அப்பாவிடமிருந்துதான். "ஆவடியில தீர்மானம் போட்டுட்டாங்க, இனிமே எல்லாருக்கும் எல்லாம் கிடைக்கும்" என்று பிற்காலத்திலும் அடிக்கடி சொல்வார். பாதி கேலி, பாதி நம்பிக்கை. நேரு முன்னின்று கொண்டுவந்த 'சோஷலிச பாணிச் சமுதாயம்' என்ற தீர்மானத்தைத்தான் அப்படிச் சொன்னார்.

அந்த ஆவடிக்குப் பக்கத்திலேயே என் வாழ்நாளில் ஐம்பது வருடம் கழியும் என்று யார் நினைத்தது? 1973-ல் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தேன். படித்ததெல்லாம் பிரெஞ்சு வழியில். தமிழில் கோர்வையாக எழுதப் பழகியதே வேலைக்கு வந்த பிறகுதான். பிழை இருந்தால் வழக்கம்போல் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை நம் மேற்குப் புறநகரில் சாதாரண மனிதர்கள் எப்படி வீடு தேடிக்கொண்டார்கள் என்று எழுதலாம் என்றிருக்கிறேன். அதில் என்னை உறுத்திக்கொண்டே இருக்கும் ஒரு விஷயமும் உண்டு.

பிரெஞ்சு மொழியில் புறநகரை 'பான்லியூ' என்பார்கள். பழைய காலத்தில் நகரத்தின் ஆணை சுற்றுவட்டாரத்தில் எவ்வளவு தூரம் செல்லுமோ, அந்த ஒரு காத தூரப் பகுதிக்குத்தான் அந்தப் பெயர். ஆணை செல்லும், வசதி செல்லுமா என்பது வேறு. நம் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் பல வருடம் இந்தப் பொருள் அப்படியே பொருந்தியது.

முதலில் வந்தது வேலை. 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ். 1955-ல் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை. அறுபதுகளின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., ஆவடியில் டாங்க் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பதினைந்து வருடத்தில், ஏரியும் வயலுமாக இருந்த பகுதியில் சங்கு ஊதி நேரம் சொல்லும் வாழ்க்கை வந்துவிட்டது.

இதில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பெரிய அரசுத் தொழிற்சாலைகள் தங்கள் நிரந்தர ஊழியர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கட்டிக் கொடுத்தன. ஐ.சி.எஃப். காலனியும் ஆவடி எச்.வி.எஃப். குடியிருப்பும் அப்படி வந்தவை. தொழிற்பேட்டையோ சிறு பட்டறைகளின் ஊர். இரண்டு லேத்தும் எட்டு ஆட்களும் வைத்திருக்கும் முதலாளி யாருக்கு வீடு கட்டித் தருவார்? அந்த ஆட்கள் கொரட்டூர், மண்ணூர்பேட்டை, பட்டரவாக்கம், அத்திப்பட்டு என்று பக்கத்துக் கிராமங்களில் போர்ஷன் பிடித்தார்கள். நானும் கொரட்டூரில் அப்படி ஒரு போர்ஷனில்தான் குடித்தனம் தொடங்கினேன். ஐந்து குடித்தனத்துக்கு ஒரே கிணறு, ஒரே கக்கூஸ். காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றுகொண்டு உலக விவகாரம் பேசுவோம்.

வாடகை ஏற ஏற எல்லோருக்கும் சொந்த மனை ஆசை வந்தது. அதற்கு இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, அரசு வழி. 1961-ல் வீட்டுவசதி வாரியம் வந்தது, 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தது. அடுக்குமாடி கட்டிக்கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று தெரிந்தபோது, 1977-ல் உலக வங்கிக் கடனில் ஒரு புதுத் திட்டம் தொடங்கினார்கள். வீடு கட்டித் தரமாட்டோம். சாலை, குடிநீர், கழிவுநீர்க் குழாய் போட்டு மனை தருகிறோம், சின்ன மனைகளில் கக்கூஸ் மட்டும் கட்டித் தருகிறோம், மற்றதை முடிந்தபோது நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்பதுதான் திட்டம். முதலில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர். எண்பதுகளில் இரண்டாம் கட்டமாக முகப்பேர், மதுரவாயல், மணலி. பெரிய மனைகளையும் கடை மனைகளையும் நல்ல விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் ஏழைகளின் மனை விலையைக் குறைத்தார்கள். ஒரே பகுதியில் குமாஸ்தாவும் கொத்தனாரும் குடியேறியது அதனால்தான்.

உலக வங்கி இந்த யோசனையை முதன்முதலில் 1972-ல் பிரெஞ்சு பேசும் செனகல் நாட்டின் டாக்கர் நகரில் செய்து பார்த்தது. அந்தப் பகுதிக்கு இன்றைக்கும் 'பார்செல் அஸேனி' என்றே பெயர். 'வசதி செய்யப்பட்ட மனைகள்' என்று பொருள். நம் முகப்பேருக்கு ஆப்பிரிக்காவில் ஓர் அண்ணன் உண்டு என்று பேரனிடம் சொல்லிச் சிரிப்பேன்.

இரண்டாவது, தனியார் வழி. விவசாயம் படுத்துவிட்ட நிலத்தைக் கல் நட்டுப் பிரித்து, 'மாதத் தவணையில் மனை' என்று நோட்டீஸ் அடித்து விற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வேனில் கூட்டிப்போய் இடத்தைக் காட்டி, டிபனும் வாங்கித் தருவார்கள். நோட்டீஸின் கீழே 'பஞ்சாயத்து அங்கீகாரம் பெற்றது' என்று இருக்கும். ஆனால் 1974-க்குப் பிறகு சென்னைப் பெருநகர்ப் பகுதியில் மனைப்பிரிவு போட சி.எம்.டி.ஏ. அனுமதி வேண்டும். பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்து மட்டும் போதாது. இது சட்டம். ஆனால் சட்டம் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இனி எழுதப்போவது அதைப் பற்றித்தான்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு கடைநிலை ஊழியர் இருந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் அவரை "அண்ணே" என்பேன், அவர் என்னை "சார்" என்பார். 1984 வாக்கில் ஒருநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் இரண்டு தாள்களோடு வந்து நின்றார். ஒன்று முகப்பேர்த் திட்டத்தில் சின்ன மனைக்கான விண்ணப்பம். மற்றது ஆவடிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் போட்டிருந்த தவணை மனையின் நோட்டீஸ்.

"சார், நீங்க படிச்சவங்க. ஒரு தபா பாத்துட்டு எதுன்னு சொல்லுங்க சார்."

முகப்பேர் மனை கால் கிரவுண்டுகூடத் தேறாது. ஆவடி மனை முழுசாக ஒரு கிரவுண்டு. மாதத் தவணை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் சிரித்துக்கொண்டே, "இதுல கோழிக்கூடுதான் கட்டலாம் அண்ணே" என்று முகப்பேர்த் தாளைத் தள்ளி வைத்தேன். அடுத்த வாரம் ஆவடி மனையின் மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கொண்டுவந்தார். வரி வரியாகப் படித்தேன். வில்லங்கம் எதுவும் இல்லை. "பத்திரம் சுத்தமா இருக்கு, தைரியமா வாங்குங்க" என்றேன். மனைப்பிரிவுக்கு அனுமதி எண் உண்டா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கிளார்க் புத்தி, கையிலிருக்கும் தாளைத்தான் பார்க்கும். கோப்பில் இல்லாத தாளைத் தேடாது.

நான் மட்டும் என்ன செய்தேன்? அதற்கு அடுத்த வருடம் அதே முகப்பேர்த் திட்டத்தில் ஒரு நடுத்தர மனை வாங்கினேன்.

என் வீட்டுக்குப் பின் தெருவில் 'கோழிக்கூடு' மனைகள். அங்கே குடிவந்தவர்களில் ஒருவர் தொழிற்பேட்டையில் டர்னர். முதலில் நாலு கம்பு நட்டுக் கீற்றுக் கொட்டகை போட்டார். பிறகு செங்கல் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ். மகன் வேலைக்குப் போனதும் தளம் போட்டார். அப்புறம் மாடி. இன்று கீழே அவர் குடும்பம், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம், முன்னால் ஒரு தையல் கடை. ஒவ்வொரு கட்டத்திலும் அவரால் கடன் வாங்க முடிந்தது. அடமானம் வைக்க அவரிடம் செல்லுபடியாகும் காகிதம் இருந்தது. வேலைக்குச் சைக்கிளில் இருபது நிமிடம்.

அண்ணனின் ஒரு கிரவுண்டில் பல வருடம் சாலை இல்லை, விளக்கு இல்லை. மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடப்பார். வீடு கட்ட வங்கிக்குப் போனபோது, மனைப்பிரிவுக்கு அனுமதி இல்லை, கடன் கிடையாது என்றுவிட்டார்கள். வெளியே வட்டிக்கு வாங்கினார். ஒரு அறை கட்டி அந்தக் கடனை அடைக்க எட்டு வருடம். இரண்டாவது அறை ஓய்வு பெற்ற பிறகுதான். இத்தனைக்கும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ஒரு கிரவுண்டு சார்" என்று பெருமையாகத்தான் சொல்வார்.

2016-ல் அவருக்கு இதய ஆபரேஷன் வேண்டியிருந்தது. காலியாகக் கிடந்த பாதி மனையை விற்றுவிடலாம் என்று ஆள் பார்த்துப் பேசி முன்பணமும் வாங்கிவிட்டார். அந்த வருடம் செப்டம்பர் 9 அன்று, அனுமதி பெறாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவில் தப்பில்லை. ஏரியும் வயலும் கண்மூடித்தனமாக மனையாவதைத் தடுக்கத்தான் அது. ஆனால் முப்பது வருடத்துக்கு முன் வாங்கியவரின் கையும் அதில் மாட்டிக்கொண்டது. வாங்க வந்தவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து பணம் புரட்டினோம். ஆபரேஷன் நடந்தது. 2017 மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அவர் மகன் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொண்டான். எங்கள் பணத்தையும் பைசா பாக்கியில்லாமல் திருப்பித் தந்தான்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நான்தான் பேச்சை எடுத்தேன். "அன்னைக்கு நான் தப்பா சொல்லிட்டேன் அண்ணே." அவர் கையை அசைத்தார். "நீங்க நல்லதுக்குத்தானே சார் சொன்னீங்க." மூன்று வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

முகப்பேர்த் திட்டத்தையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்து விலாசங்களில் இன்றும் 'முகப்பேர் ஏரித் திட்டம்' என்று இருக்கிறது. ஏரியில் அரசே மனை போட்டால் திட்டம், ஏழை குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. 2015 டிசம்பரில் தண்ணீர் தன் பழைய விலாசத்தைத் தேடி வந்தது. எங்கள் தெருவில் முழங்காலளவு நின்றது. அது பட்டாவைப் பார்த்து விலகிப் போகவில்லை.

ஆனாலும் ஒன்று. இந்த மாதிரி மனைத் திட்டங்கள் பல வருடம் காலியாகக் கிடந்ததால், தோற்றுப்போனவை என்றே நிபுணர்கள் ஒதுக்கிவிட்டார்கள். இருபது வருடம் கழித்துச் சென்னையிலும் மும்பையிலும் திரும்பிப் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள், பல வருமானக்காரர்களும் கலந்து வாழும் நல்ல குடியிருப்புகளாக அவை வளர்ந்திருக்கின்றன என்று 2018-ல் எழுதினார்கள். பின் தெரு டர்னரைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்.

இப்போது கூவம் கரையிலிருந்து ஆட்களைப் பெயர்த்து, அத்திப்பட்டு, கூடப்பாக்கம், தெற்கே பெரும்பாக்கம் என்று அடுக்குமாடிகளில் கொண்டுபோய் வைக்கிறார்கள். பிரான்சிலும் இதைச் செய்தார்கள். நம் ஆவடி மாநாடு நடந்த அதே 1955-ல்தான் பாரிசுக்கு வெளியே சார்செல் என்ற இடத்தில் வரிசை வரிசையாக அடுக்குமாடி கட்டத் தொடங்கினார்கள். வீடு நன்றாகத்தான் இருந்தது. வேலையும் கடைத்தெருவும் தூரத்தில் இருந்தன. அப்படிப்பட்ட இடங்களால்தான் 'பான்லியூ' என்ற சொல்லே அங்கே ஏழ்மைக்கு மறுபெயராகிப் போனது. ஏழைக்குக் கூரை மட்டும் போதாது. வேலை பக்கத்தில் இருக்க வேண்டும். கையில் இருக்கும் காகிதம் நாளைக்கும் செல்ல வேண்டும். இவை இரண்டும் இருந்தால் கால் கிரவுண்டிலும் மனிதன் மேலே வந்துவிடுவான்.

போன மாதம் எங்கள் பக்கத்து அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் ஒரு வண்ண நோட்டீஸைக் கொண்டுவந்தார். பூந்தமல்லிக்கு அப்பால் மனை, மெட்ரோ வருகிறது, விலை இன்னும் ஏறும் என்று அச்சடித்திருந்தது. "ஐயா, பாத்து சொல்லுங்க" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் அனுமதி எண்ணைத் தேடினேன். இல்லை. "அந்த நம்பரை வாங்கிட்டு வாப்பா, அப்புறம் பத்திரத்தைப் படிக்கலாம்" என்று திருப்பிக் கொடுத்தேன்.

இன்னும் அவர் வரவில்லை.