ஒளிக்கு ஒரு மதகு

“இவ்வாராய்ச்சியினால் யாது பயன்?” என்னும் வினா அறிஞரை நோக்கி எக்காலத்தும் எழுப்பப்படுவதாகும். அவ்வினாவிற்கு உடனே விடைகூற இயலாதிருந்த இருவரின் உழைப்பே, பிற்காலத்தில் லேசர் ஒளியைக் குறுகிய துடிப்பாகத் திரட்டிவிடும் முறைக்கு அடிப்படையாயிற்று.

முதலாமவர் ஸ்கொத்லாந்தினரான யோன் கேர். கிளாஸ்கோ நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியொன்றிலே கணிதம் கற்பித்தவர். ஒளியலைகள் இயல்பாகப் பல தளங்களில் அதிர்வன. ஒரே தளத்தில் அதிருமாறு வடிகட்டப்பட்ட ஒளியை முனைவாக்கிய ஒளி என்பர். 1875ஆம் ஆண்டில் கேர், கண்ணாடிப் பாளமொன்றிலே துளையிட்டுக் கம்பிகளைச் செருகி உயர் மின்னழுத்தத்தைப் பிரயோகித்தார். அதனூடு சென்ற முனைவாக்கிய ஒளியின் அதிர்வுநிலை மாறக் கண்டார். திரவங்களிலும் அவ்விளைவு தோன்றிற்று.

இரண்டாமவர் ஜேர்மனிய அறிஞர் பிரீதரிக் பொக்கல்ஸ். சமச்சீர் மையமில்லாத சில பளிங்குகளில், மின்புலத்திற்கு நேர்விகிதமாகவே ஒளியின் இயல்பு மாறுவதை 1893இல் அவர் ஆராய்ந்து நிறுவினார். கேர் 1907இலும் பொக்கல்ஸ் 1913இலும் காலமாயினர். லேசர் பிறப்பதற்கு அப்போது இன்னும் 47 ஆண்டுகள் இருந்தன.

1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள், கலிபோர்ணியாவின் மலிபு நகரிலுள்ள ஹியூஸ் ஆய்வுகூடத்தில், தியடோர் மைமன் என்பவர் செயற்கை மாணிக்கக் கோலொன்றிலிருந்து முதல் லேசர் ஒளியைப் பெற்றார். ஆயின், மாணிக்க லேசரில் ஒரு குறை காணப்பட்டது. ஊட்டிய சக்தி ஒருங்கே வெளிப்படாது, ஒழுங்கற்ற சிறு துடிப்புகளாகச் சிதறிற்று. குளத்தில் நீர் நிறையுமுன்னே கரை கசிந்து வீணாவது போன்றதே அது.

அதே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த றொபேட் ஹெல்வார்த் 1961இல் இதற்கொரு வழி கூறினார். குளத்திற்கு மதகு அமைப்பதே அவ்வழி. லேசர் பிறப்பதற்கு, ஒளி இரு ஆடிகளுக்கிடையே மீண்டும் மீண்டும் சென்று பெருகவேண்டும். அப்பாதையை அடைத்து வைத்தால் சக்தி மாணிக்கத்திலே தேங்கும். எனினும் மூன்று மில்லிசெக்கன் அளவிலேயே தேங்கிய சக்தி தானாகக் குறையத் தொடங்கும். ஆதலின் நிறைந்த கணத்திலே மதகைத் திறத்தல் வேண்டும். சாதாரண இயந்திரக் கதவு இதற்குப் போதிய விரைவுடையதன்று. மின்னழுத்தத்தால் ஒளியைத் திருப்பும் கேரின் விளைவே கைகொடுத்தது. ஹெல்வார்த்தும் மக்லங் என்பவரும் நைத்திரோபென்சீன் நிறைந்த கலமொன்றைப் பாதையில் வைத்து, செக்கனின் கோடியில் ஒரு பங்கு அளவான மாபெருந் துடிப்பைப் பெற்றனர்.

நைத்திரோபென்சீன் நச்சுத் திரவம். அதற்கு வேண்டிய மின்னழுத்தமும் மிகப் பெரிது. எனவே பொக்கல்ஸின் பளிங்குகள் அதனிடத்தைப் பிடித்தன. பொற்றாசியம் இருஐதரசன் பொசுபேற்று என்னும் உப்பின் பளிங்கிற்குச் சில ஆயிரம் வோல்ற்று போதும். மின்னழுத்தம் உள்ளபோது, பளிங்கினூடு சென்று ஆடியில் பட்டு மீளும் ஒளியின் அதிர்வுத்தளம் செங்கோணத்திற்குத் திரும்பும். வடிகட்டி அதனைத் தடுத்துவிடும். மின்னழுத்தத்தை நீக்கியவுடன் வழி திறக்கும். நீர்க்கரைசலில் வளர்க்கப்படும் இப்பளிங்கு ஈரத்திற் கெடுமாதலால், அதனை மூடிப் பேணுவர்.

ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கில் ஒளி செல்லும் தூரம் 30 சென்ரிமீற்றரே. ஆகவே துடிப்பு குறுகக் குறுகத் தூரத்தைத் திட்பமாக அளக்கலாம். 1969 ஓகஸ்ட் முதலாம் நாள், சந்திரனில் அப்பலோ 11 வீரர்கள் வைத்த தெறிப்பானிலிருந்து மீண்ட லேசர் துடிப்பைக் கலிபோர்ணியாவின் லிக் வானாய்வகம் பெற்றது. இத்தகைய துடிப்பே போர்க்களத்தில் இலக்கின் தூரத்தையும் அளந்து கொடுத்தது. பார்வையைப் பறிக்கவல்ல அதே துடிப்பு, கண்புரைச் சத்திரசிகிச்சையின் பின் மங்கிய சவ்வைத் திறந்து பார்வையை மீட்கவும் பயன்பட்டது. 2022 டிசெம்பர் 5ஆம் நாள், லிவமோர் ஆய்வுகூடத்தில் 192 லேசர்க் கற்றைகள் கருச்சேர்க்கையை மூட்டி, செலுத்தியதிலும் மிகுந்த சக்தியை ஈன்றன. அக்கற்றைகளின் வழியிலும் பொக்கல்ஸ் கலங்களே காவல் நின்றன.

பயன் எதுவென்று முன்னறிந்த பின்னரே ஆராயவேண்டுமென விதித்திருந்தால், கேரின் கண்ணாடியும் பொக்கல்ஸின் பளிங்கும் தீண்டப்படாமலே கிடந்திருக்கும். மதகை அமைத்தவர் அறிஞர்; திறந்துவிட்ட வெள்ளம் வயலுக்குப் பாய்வதா ஊரை அழிப்பதா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு மாந்தர் அனைவருக்கும் உரியது.