சிறிய காருக்கான சைக்கிள் ரேக்

சைக்கிள் ரேக் என்பது காரின் கூரையிலோ பின்கதவிலோ பொருத்திச் சைக்கிளை ஏற்றிச் செல்ல உதவும், வேண்டாதபோது கழற்றி வைக்கக்கூடிய சட்டம். டிக்கி தனியாக நீண்டு நிற்காத ஹேட்ச்பேக் கார்களில் இதைப் பொருத்துவது சற்றுச் சிக்கலான வேலை. கூரையின் நீளம் குறைவு, அது தாங்கும் எடையும் குறைவு, காரின் அகலத்தைவிடச் சைக்கிளின் நீளம் பெரும்பாலும் கூடுதல். 2006-07 மத்திய பட்ஜெட் 4 மீட்டருக்கு உட்பட்ட நீளமும் சிறிய எஞ்சினும் கொண்ட கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தது. அதன்பின் இந்தியச் சந்தையில் இந்த அளவுக் கார்களே பெருகின. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடித் தெருக்களில் நிற்கும் கார்களில் பெரும்பகுதி இவைதான்.

காவிரி டெல்டா மேடு பள்ளம் இல்லாத சமவெளி. சைக்கிளுக்கு இதைவிட ஏற்ற நிலம் தமிழ்நாட்டில் குறைவு. அப்படிப்பட்ட ஊரில் சைக்கிளைக் காரில் ஏற்றுவானேன் என்றால், காரணம் தூரம். தஞ்சாவூரிலிருந்து பூம்புகாருக்கோ கோடியக்கரைக்கோ போய்க் கடலோரச் சாலையில் மிதித்துவிட்டு அன்றே திரும்ப நினைப்பவருக்குப் போக வர மிதிப்பதிலேயே பொழுது போய்விடும். கல்லணைக்குக் காரில் போய் இறங்கி, அங்கே பிரியும் வெண்ணாற்றின் கரையோ கல்லணைக் கால்வாயின் கரையோ பிடித்து மிதிப்பவர்களும் உண்டு. விளையாட்டுக்கு அப்பாற்பட்ட தேவையும் இருக்கிறது: துவாக்குடியில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகம் போன்ற பரந்த வளாகங்களில் சேரும் மாணவருக்கு விடுதியில் சைக்கிள் வேண்டும், வீட்டில் இருப்பதையே கொண்டுபோய் விடுவது சிக்கனம்.

முன்பு இந்த வேலையை வெளியூர்ப் பேருந்துகளின் கூரை செய்தது. பின்புற ஏணியில் ஏறிச் சைக்கிளைக் கயிற்றால் கட்டி, லக்கேஜ் கட்டணம் கொடுத்துவிட்டால் போதும். வாடகை அம்பாசடர்களின் கூரை விளிம்பில் மழைநீர் வடிய ஒரு வரப்பு ஓடும். கேரியரின் கால்கள் அதைக் கவ்வி நின்றன. இன்றைய ஹேட்ச்பேக்குகளில் அந்த வரப்பு கிடையாது. சில மாடல்களின் கூரையில் தெரியும் கம்பிகளும் பல நேரங்களில் அழகுக்காகப் பொருத்தப்பட்டவையே. அவற்றில் பாரம் ஏற்றக்கூடாது. எது உண்மையான கம்பி என்பதைக் காரோடு வரும் கையேடு சொல்லும். கடைக்காரர் சொல்வது அதற்கு மாற்றாகாது.

கூரை ரேக்கில் இரண்டு குறுக்குக் கம்பிகள் கதவு விளிம்பைப் பிடித்து நிற்கும். அவற்றின்மேல் ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு தட்டம். இதற்கு முதலில் போட வேண்டியது எடைக் கணக்கு. சிறிய கார்களின் கூரை பொதுவாக 50 கிலோ அளவுக்கே அனுமதிக்கப்படுகிறது. சிலவற்றில் அதற்கும் குறைவு. கம்பிகளும் இரண்டு தட்டங்களும் சேர்ந்து ஏறக்குறைய 13 கிலோ வரும். தலா 16 கிலோ எடையுள்ள இரண்டு கியர் சைக்கிள்கள் ஏறினால் மொத்தம் 45 கிலோ, எல்லைக்குள் அடங்குகிறது. அதே இடத்தில் தலா 20 கிலோ எடையுள்ள இரண்டு பழைய வகைச் சைக்கிள்களை ஏற்றினால் 53 கிலோவாகிவிடும். இரண்டாவது கணக்கு உயரம். ஒன்றரை மீட்டர் உயரக் காரின்மேல் ஒரு மீட்டருக்கு மேற்பட்ட சைக்கிள் நின்றால் மொத்தம் 2.6 மீட்டரைத் தாண்டும். ரயில் கீழ்ப்பாலங்கள், லாட்ஜ்களின் கீழ்த்தள நிறுத்துமிடம், தெருவை அடைத்துப் போட்ட கல்யாணப் பந்தல், கரைச் சாலையில் தாழ்ந்து கிடக்கும் மூங்கில் கிளை ஆகிய எல்லாமே இந்த உயரத்தில்தான் இடிக்கும். மேலே சைக்கிள் இருப்பதை ஓட்டுநர் மறப்பதுதான் கூரை ரேக்கின் பெரிய ஆபத்து. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பும் எரிபொருள் செலவும் ஏறும்.

பின்கதவில் தொங்கவிடும் ரேக் விலை குறைவு, உயரத் தொல்லையும் இல்லை. இதன் கொக்கிகள் கதவின் மேல் கீழ் பக்க விளிம்புகளைப் பிடிக்க, பட்டைகள் இழுத்துக் கட்டப்படுகின்றன. கொக்கி உலோக விளிம்பில் நிற்க வேண்டும். பிளாஸ்டிக் ஸ்பாய்லரிலோ கண்ணாடியிலோ பாரம் விழக்கூடாது. ஒரே மாடலில் விலை கூடிய ரகத்துக்கு மட்டும் ஸ்பாய்லரும் பின் வைப்பரும் இருப்பதுண்டு என்பதால், அண்டை வீட்டாரின் காரில் பொருந்திய ரேக் இன்னொருவரின் காரில் பொருந்தாமல் போகலாம். இவ்வகை ரேக்குகள் பெரும்பாலும் ஒரு சைக்கிளுக்கு 15 கிலோ என்ற கணக்கில் செய்யப்படுகின்றன. பஞ்சு மெத்தைகளுக்கு அடியில் மணல் சிக்கினால் பெயின்ட் உரசிப் போகும். டயர் சைலன்சர் வாய்க்கு நேரே தொங்கினால் சூட்டில் உருகும்.

மேலைநாடுகளில் சிறந்ததாகக் கருதப்படுவது காரின் இழுவைக் கொக்கியில் மாட்டும் மேடை வகை. இந்தியச் சிறு கார்களில் அந்தக் கொக்கி இருப்பது அபூர்வம் என்பதால் அதை இங்கே விட்டுவிடலாம். ரப்பர் உறிஞ்சிகளால் கூரையில் ஒட்டிக்கொள்ளும் வகைக்குத் தூசியற்ற பரப்பு வேண்டும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசு பறக்கும் சாலைகளில் அதை நம்புவது கடினம்.

ரேக்கைவிட முதலில் பார்க்க வேண்டியது சைக்கிள். விற்பனையில் உள்ள ரேக்குகள் மேல்பார் உள்ள, மட்கார்டு இல்லாத, இலேசான சைக்கிளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. டெல்டா கிராமங்களில் ஓடும் சைக்கிள் அதுவல்ல. 28 அங்குலச் சக்கரம், இரும்பு மட்கார்டு, செயின் கவர், பின்கேரியர் எல்லாம் சேர்ந்து 18 முதல் 22 கிலோ வரும். முன்சக்கரத்தைக் கழற்றலாம் என்றால் மட்கார்டுக் கம்பிகளும் அதே அச்சு நட்டில்தான் மாட்டியிருக்கும். ஸ்பேனரோடு பத்து நிமிடப் போராட்டம். மேல்பார் இல்லாத லேடீஸ் சைக்கிளைப் பின்கதவு ரேக்கில் தொங்கவிட, இருக்கைக் கம்பிக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே மாட்டும் துணைப்பார் ஒன்று தனியே வாங்க வேண்டும்.

நீளமும் முக்கியம். 26 அங்குலச் சக்கரச் சைக்கிள் சுமார் 1.7 மீட்டர், பழைய வகை அதைவிட நீளம். ஆல்டோ 800 காரின் அகலம் 1.49 மீட்டர்தான். பின்னால் குறுக்காக மாட்டினால் இரு பக்கமும் சக்கரம் துருத்தும். கரைச் சாலையில் எதிரே பேருந்து வந்தால் ஒதுங்க ஒருபுறம் ஆறு, மறுபுறம் வயல். அங்கே பத்து சென்டிமீட்டர்கூடப் பெரிய அளவு. சட்டமும் இதில் தலையிடுகிறது: 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவின்படி, அனுமதித்த அளவைத் தாண்டிப் பக்கவாட்டிலோ பின்புறமோ மேலேயோ சரக்கு நீண்டால் அபராதம் 20,000 ரூபாய். முன்சக்கரத்தைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டால் சைக்கிளின் நீளம் காரின் அகலத்துக்குள் வந்துவிடும்.

பின்கதவு ரேக்கின் தீராத குறை, தொங்கும் சைக்கிள் நம்பர் பிளேட்டையும் பிரேக் விளக்கையும் மறைப்பது. ஆஸ்திரேலிய மாநிலங்கள் ரேக்கில் மாட்டவென்றே தனி எண் பலகை தருகின்றன. இந்தியாவில் அத்தகைய ஏற்பாடு வழக்கில் இல்லை. 2019 ஏப்ரல் முதல் புதிய வாகனங்களுக்குக் கட்டாயமான உயர்பாதுகாப்புப் பலகையைக் கடையில் நகலெடுத்து மாட்டவும் முடியாது. ஆகவே எண்ணும் விளக்குகளும் தெரியும்படி சைக்கிளை உயர்த்தித் தாங்கும் ரேக்கையே தேர்ந்தெடுக்க வேண்டும். இருட்டிய பின் ஓட்டாமல் இருப்பது இன்னும் நல்லது.

மாட்டிய பின் கவனிக்க வேண்டியது வேகத்தடை. ஊருக்கு ஊர் எழுப்பியிருக்கும் தடைகளில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் பட்டை சற்றுத் தளரும். பல இடங்களில் சாலையில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருப்பதால் திடீரெனப் பிரேக் போடவும் நேரும். புறப்பட்ட சில கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி இறுக்குவதும், ரேக்கின் பட்டைகளுக்கு மேலாகச் சட்டத்தோடு சேர்த்து ஒரு நைலான் கயிறு கட்டுவதும் வழக்கம். வெயிலில் கிடந்த நைலான் சில ஆண்டுகளில் நைந்துவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் சாதாரண இரும்புக் கொக்கி துருப்பிடிக்கும்.

ஒரே ஒரு சைக்கிள்தான் என்றால் ரேக்கே தேவையில்லாமல் போகலாம். பின் இருக்கையை மடக்கி, முன்சக்கரத்தைக் கழற்றி, சைக்கிளைப் பழைய போர்வையில் சுற்றி உள்ளே படுக்கவைத்தால் மழையும் திருட்டும் பயமில்லை. டிக்கியைச் சிலிண்டர் அடைத்துக்கொள்ளும் சிஎன்ஜி கார்களில் மட்டும் இது எளிதல்ல. இரண்டு இலேசான சைக்கிள்களுக்குப் பின்கதவு ரேக் பொருத்தமானது. கூரை ரேக், காரில் நால்வர் அமர்ந்து அடிக்கடி நெடுந்தூரம் போகும் குடும்பத்துக்கே விலைக்குத் தகும். மூன்று சைக்கிள்களுக்கு மேல் போனால் சிறிய கார் ஏற்றதல்ல. உள்ளூரில் குட்டி யானை என்று அழைக்கப்படும், 2005இல் வந்த டாடா ஏஸை வாடகைக்குப் பிடிப்பதோ, ரயிலின் பார்சல் பெட்டியில் லக்கேஜாகப் பதிவு செய்து அனுப்புவதோ அப்போது மலிவாக முடியும்.